கங்காணி அழைத்தான் அன்று. கலைமேடை அழைத்தது பின்பு!

நாமக்கல் நகரைத் தாண்டினால், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலை. அந்தச் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றிலே, 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நின்றிருந்தோம். கூட்டத்துக்குச் செல்லும் வழியில் தொண்டையை நனைத்துக்கொள்ள நின்றவர்கள், நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டோம். பட்டறைத் தோழர்கள், வெல்டிங் வைப்பவரும் பெயிண்ட் அடிப்பவருமாகப் பத்துப் பதினைந்து பேர், தொலைக்காட்சிப் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி மூச்சு விடாமல் நிற்கின்றனர். தேர்தல் முடிவா? இல்லை. கிரிக்கெட்டா? அதுவும் இல்லை. பாட்டுப் போட்டி! சிறுவர் சிறுமியர் பாடும் போட்டியின் இறுதிச் சுற்று. பட்டம் யாருக்கு என்று அறிவித்தார்கள். கடையே கைதட்டியது.

“சிலோன்காரப் புள்ள ஜெயிச்சிருச்சுங்க!” என்றார் கடைக்காரர், தம் வீட்டுப் பெண் வென்றதைப் போல.

கைதட்டாமல் நின்றவர் ஒருவர்தான். எழுபதைத் தாண்டிய பெரியவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தரு கண்டிச் சீமைக்குப் போனாருங்க. போனவரு போனவருதானுங்க. ஒரு கடுதாசிகூட வல்லீங்க.”

கைதட்டலை அன்று இரவே மறந்துவிட்டோம். அந்தப் பெரியவரின் சொல்லை மறக்க முடியவில்லை. எழுதச் சொல்வது அதுதான்.

ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் போட்டியிலே அந்த ஆண்டு பட்டம் வென்றவர் கில்மிஷா. யாழ்ப்பாணத்து அரியாலைச் சிறுமி. இலங்கையிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே மேடையிலே, அதே ஆண்டிலே, இன்னொரு இலங்கைச் சிறுமியும் பாடினார். அசானி என்று பெயர். அவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர், மலையகத்தவர். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பட்டம் யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று, மகிழ்ச்சி. ஆனால் நம் சேலம் நாமக்கல் சமவெளியிலே இருப்பவர்கள் உற்று நோக்க வேண்டியது, பட்டம் பெறாமல் திரும்பிய அந்தத் தோட்டத்துக் குழந்தையைத்தான். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

“பாட்டுப் போட்டிக்கு ஒரு கட்டுரையா? விலைவாசி இல்லையா, வேலையின்மை இல்லையா?” என்று கேட்கக்கூடிய தோழர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பாட்டுப் போட்டி வெறும் பாட்டோடு நின்றுவிடுவதில்லை. ஐரோப்பாவைப் பாருங்கள்.

அங்கே 1956இல் தொடங்கி ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. யூரோவிஷன் என்று பெயர். நாட்டுக்கு ஒரு பாட்டு. எந்த நாட்டாரும் தம் நாட்டுப் பாட்டுக்கு வாக்களிக்க முடியாது; அயலான் மெச்சினால்தான் மதிப்பெண். அதிலே போர்ச்சுகல் நாட்டின் கதை கேட்கத் தக்கது. 1964இல் முதன்முதலாகக் கலந்துகொண்டது. வாங்கிய மதிப்பெண் பூஜ்யம்! சலாசார் என்னும் சர்வாதிகாரியின் பிடியில் அந்நாடு கிடந்த காலம். அந்த ஆண்டு போட்டி நடந்த கோபன்ஹேகன் மேடைமீதே ஒருவர் ஏறி, பிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள் என்று பதாகை காட்டினார். பத்தாண்டுகள் கழிந்தன. 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்திலே போட்டி. சுவீடன் நாட்டுக் குழு ஆங்கிலத்திலே பாடிப் பரிசைத் தட்டிச் சென்றது. போர்ச்சுகல் தன் மொழியிலே பாடியது, மூன்றே மதிப்பெண், கடைசி வரிசை. ‘தோற்றுப்போன பாட்டு’ என்று உலகம் கைகழுவியது. ஆனால், தோழர்களே, பதினெட்டே நாளில் என்ன நடந்தது தெரியுமா? ஏப்ரல் 24 இரவு பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், லிஸ்பன் வானொலி ஒன்று அதே தோற்றுப்போன பாட்டை ஒலிபரப்பிற்று. சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கக் காத்திருந்த படைவீரர்களுக்கு அதுதான் அடையாளம்! புறப்படுங்கள் என்பதற்கான சைகை! மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுச் சர்வாதிகாரம் நாதியற்றுப் போயிற்று. மேடையிலே மூன்று மதிப்பெண் வாங்கிய பாட்டு, வீதியிலே நாட்டையே வாங்கிக் கொடுத்தது.

அந்த நாடு பிறகும் தன் மொழியை விடவில்லை. ஆங்கிலத்திலே பாடினால்தான் பரிசு என்று அண்டை அயலார் பலர் மாறிய போதும், பெரும்பாலும் போர்ச்சுகீசிய மொழியிலேயே பாடிப் பாடித் தோற்றது. 2017இல், கீவ் நகரிலே, ஒப்பனை இல்லாமல் ஓர் இளைஞன் தன் தாய்மொழியில் மெல்லப் பாடி 758 மதிப்பெண்ணோடு வென்றான். ஐம்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு! அதற்கு முந்திய ஆண்டு, உக்ரைன் நாட்டுப் பெண் ஒருத்தி, 1944இல் ஸ்டாலின் ஆட்சியிலே தன் கிரிமியத் தாத்தார் இனம் மண்ணைவிட்டு வேரோடு பிடுங்கி எறியப்பட்ட துயரத்தைப் பாடி வென்றாள். பிடுங்கி எறியப்பட்ட இனத்தின் பாட்டு என்றதும் நமக்கு எது நினைவுக்கு வர வேண்டும்?

வருகிறோம் அதற்கு. இடையிலே ஒரு கடன் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்த் தொலைக்காட்சியிலே பாட்டுப் போட்டி என்னும் கலையை நமக்குக் கற்றுக் கொடுத்ததே இலங்கைத் தமிழர்தாம் என்பதை இளைய தோழர்கள் அறியமாட்டார்கள். 1952இல் டில்லியிலே கேஸ்கர் என்பவர் வானொலி அமைச்சரானார். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று தீர்ப்பளித்து, அகில இந்திய வானொலியிலிருந்து அதை விரட்டினார். சேலத்து மாடர்ன் தியேட்டர்சிலே உருவான படத்தின் பாட்டைச் சேலத்துக்காரன் கேட்க வேண்டுமானால், கொழும்பைத் திருப்பு என்றாயிற்று! அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்திலே நாடா ஓடும் ஓசைக்கு மேலே இலங்கை வானொலியின் குரல் கேட்டது. மயில்வாகனன் பேசினார், கே. எஸ். ராஜா பேசினார், அப்துல் ஹமீத் பேசினார். நல்ல தமிழ் எப்படி ஒலிக்கும் என்பதை நம் நெசவாளத் தோழர்கள் அந்தப் பெட்டியிலிருந்து கற்றனர். அதே அப்துல் ஹமீத்தான், தொண்ணூறுகளிலே சன் தொலைக்காட்சிக்கு வந்து ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தினார். ஊர் ஊராகப் பாடச் சொன்னார், நாம் பாடினோம், அவர் திருத்தினார். இலங்கைக் குழந்தை இங்கே வந்து பாடி வென்றபோது, “அட, சிலோன்காரப் பிள்ளை இவ்வளவு நன்றாகப் பாடுகிறதே” என்று வியந்தவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை பாடினால் மாணவன் வியப்பதா?

இனி, பெரியவரின் பாட்டனுக்கு அண்ணன்.

1876இலிருந்து 1878 வரை பெரும் பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான். நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்றாக இருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கின்படி பத்தொன்பதரை இலட்சத்துக்கு மேல். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது பதினாறு இலட்சம்கூட முழுதாக இல்லை. ஐந்து பேரில் ஒருவரைக் காணோம்! இறந்தவர் எத்தனை, பெயர்ந்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல அன்று யாருக்கு அக்கறை? பஞ்சத்திலே வாடியவனுக்கு நிவாரண வேலை கொடுத்த வெள்ளை ஆட்சி, ஒரு நாள் உழைப்புக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்குப் போட்டது. அதே வேளையில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. ஏன் ஏறிற்று என்று கேட்க நமக்கொரு சட்டமன்றம் இல்லை, ஓர் ஏடு இல்லை.

அந்தப் பசியிலேதான் கங்காணி வந்தான். நல்ல வேட்டி, தலைப்பாகை, கையிலே முன்பணம். “கண்டியிலே தேங்காயும் மாசியும் தோண்டினால் கிடைக்கும்” என்ற பேச்சு. நம்பினான் நம்மவன். 1823இலேயே தொடங்கிவிட்ட ஆள்பிடிப்பு அது. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று எங்கெல்லாம் மழை பொய்த்ததோ அங்கெல்லாம் அந்தத் தலைப்பாகை தெரிந்தது. கடலைக் கடந்த பிறகும் நடை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். குழி தோண்டவும் பின்னால் வந்தவனுக்குத் தெம்பில்லை. மேலே போய்ச் சேர்ந்தவனுக்குக் காபித் தோட்டம். காபியை நோய் தின்ற பிறகு தேயிலைத் தோட்டம். வாழ்வதற்கு லயம். வரிசை வரிசையாக ஓர் அறைக் குடியிருப்பு. குதிரைக்குக் கட்டுவார்களே, அதைப் போல. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. அந்தக் கடன் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு இருக்கும்வரை ஆள் அடிமை. அந்த முறையைச் சட்டம் போட்டு நீக்க 1921 வரை ஆயிற்று. அவ்வாறு போனவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். பிறகு எப்படிப் பெரியவரே கடிதம் வரும்?

பெரியார் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்புகையில், 1932இல் இலங்கையிலே இறங்கிப் பேசிவிட்டு வந்தார். கடலுக்கு அப்பால் நம்மவர் உண்டு என்ற உணர்வு இயக்கத்துக்கு அன்றே உண்டு.

1947இல் இலங்கையிலே பொதுத் தேர்தல். தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். தங்கள் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். கொழுந்து பறித்த கை வாக்குச் சீட்டையும் பிடித்துவிட்டது! பொறுக்குமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இலங்கையிலே பிறந்தான் என்று காட்டு. இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்திலே பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எழுதி வைத்தது யார்? ஏழு இலட்சம் பேர் ஒரு கையெழுத்திலே நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலிலே அவர்கள் அனுப்பிய உறுப்பினர் எத்தனை? பூஜ்யம். போர்ச்சுகல் மேடையிலே வாங்கிய பூஜ்யம் அல்ல இது. வாக்குச் சாவடியிலே பறித்துக் கொடுத்த பூஜ்யம். இந்தக் கொடுமையை எதிர்த்தே செல்வநாயகம் தம் கட்சியை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி கண்டார். யாழ்ப்பாணத்துத் தலைவர் ஒருவர் மலையகத் தொழிலாளிக்காகப் பிரிந்து சென்றார் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு சிறுமிகளும் ஒரே மேடையில் நின்ற காட்சிக்கு அப்படியொரு முன்கதை உண்டு.

1964 அக்டோபர் 30. டில்லியிலே சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்டனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 இலட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டனர். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டனர். சந்தையிலே மாட்டைப் பிடித்து விலை பேசும்போதுகூட, மாடு முரண்டினால் வாங்குபவன் யோசிப்பான். தோட்டத்திலே நின்ற பெண்ணை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ‘இராமானுஜம்’ கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு அவர்களை ஏற்றி வந்து இறக்கிற்று. அங்கே ‘இந்தியாக்காரர்’, இங்கே ‘சிலோன்காரர்’. நீலகிரியிலே 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்திலே சிலருக்கு வேலை கிடைத்தது. அங்கேயே தங்கியவர்களின் நிலை? நாடற்றோராக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்ற கோரிக்கையைப் பல ஆண்டுகள் எழுப்பி, 2021இல்தான் அது அரசிதழில் ஏறிற்று. அது இலங்கை ரூபாய் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த லயத்துக் கூட்டத்திலிருந்துதான் அசானி சென்னைக்கு வந்து பாடினார். 1823இலிருந்து எண்ணினால் சரியாக இருநூறாவது ஆண்டு. கங்காணி கூப்பிட்டுப் போன கூட்டத்தின் குழந்தையை, மும்பை முதலாளியின் தொலைக்காட்சி கூப்பிட்டு வந்தது. நமக்கு அந்த நிறுவனத்தின்மீது தனிக் காதல் இல்லை. ஏழைக் குழந்தையின் கண்ணீரை நெருங்கிக் காட்டி, அடுத்த நொடி சோப்பு விளம்பரம் காட்டும் தொலைக்காட்சி வணிகத்தை நாம் அறிவோம். அது நமக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த மேடையிலே ஒரு மலையகக் குரல் ஒலித்ததால், ‘மலையகம் என்றால் என்ன?’ என்று சேலத்து இளைஞன் கைப்பேசியிலே தேடினானே, அந்த அளவுக்கு நன்மை.

இதற்கு முன்பும் ஒரு நிகழ்ச்சி. 2015 பிப்ரவரி, விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் சிறுவர் போட்டி. கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா இரண்டாமிடம் பெற்றார். பரிசு ஒரு கிலோ தங்கம். அந்தத் தங்கத்தை ஈழத்திலும் தமிழகத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தருவதாக அதே மேடையில் அறிவித்தனர். கேட்டவர் கண் கலங்கினர். அந்தப் போட்டிக்கு மக்கள் வாக்குகள் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. வாக்களிக்க யாரிடமும் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. பாட்டனுக்குப் பிறப்புச் சான்று உண்டா என்று கேட்கவில்லை. கைப்பேசி இருந்தால் போதும்.

கைப்பேசி முகாமிலும் உண்டு. எந்த முகாம் என்கிறீர்களா?

தாரமங்கலம் பக்கத்திலே பவளத்தானூர் தெரியுமல்லவா? பரமத்தி தெரியுமல்லவா? பேருந்திலே எத்தனை முறை கடந்து போயிருப்போம்! 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்த இலங்கைத் தமிழர், முகாம்களிலே நாற்பது ஆண்டைக் கடந்துவிட்டனர். அவர்கள் கரையேறியதும் முதலில் வைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். அதுவும் ஒரு கொடிய விந்தை. வெள்ளையன் காலத்திலே தோட்டத்துக்கு ஆள் ஏற்றுமுன் நோய் சோதித்து அடைத்து வைத்த இடம் அதே மண்டபம்தான். போகும்போதும் அந்த வாசல். திரும்பும்போதும் அந்த வாசல்.

2021 ஆகஸ்டிலே தமிழ்நாட்டு அரசு, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிற்று. 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்து, இடிந்து கிடந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொல்லிற்று. முகாம்களிலே அன்று இருந்தவர் 58 ஆயிரத்துக்கு மேல். வீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. குடியுரிமை தர அதிகாரம் இல்லை. அது டில்லியின் கையில். டில்லி என்ன செய்தது? 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லிற்று. இலங்கையைச் சொல்லவில்லை! 2025 செப்டம்பரிலே, 2015 சனவரி 9க்கு முன்பு வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மீது கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை இல்லை என்று ஓர் ஆணை வந்தது. தண்டனை இல்லை, சரி. உரிமை?

இங்கேதான் நம் தோழர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன்பு வரை இந்த மண்ணிலே பிறந்த எவரும், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமிலே பிறந்த பெண் ஒருவர் இந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடினார். 2022 ஆகஸ்டிலே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு தரச் சொல்லிற்று. 2024 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலிலே, திருச்சி கொட்டப்பட்டு முகாமிலே வாழும் அவர் வரிசையிலே நின்று வாக்களித்துவிட்டு வந்தார். விரலிலே மை! 1949இல் பறிபோன வாக்குக்கும் அந்த மைக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டு.

83க்கும் 87க்கும் இடையே முகாம்களிலே பிறந்தவர் அவர் ஒருவர்தானா? நம் மாவட்ட முகாம்களில் அப்படி இருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு நம்மிடம் உண்டா? இல்லை. பாட்டுப் போட்டியிலே மதிப்பெண்ணை விரல்விட்டு எண்ணத் தெரிந்த நமக்கு, இந்த எண்ணிக்கை தெரியவில்லை.

ஆகவே, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பவளத்தானூர் செல்கிறோம். கொடி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். எழுதத் தெரிந்த தோழர்கள் ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். பிறந்த நாள், பிறந்த இடம், மருத்துவமனைச் சீட்டு உண்டா, பிறப்புச் சான்று உண்டா, பள்ளிச் சான்று உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். வழக்கறிஞர்கள் இருவர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு பரமத்தி. நாமக்கல் தேநீர்க் கடைப் பெரியவரும் பரமத்திக்கு வருகிறேன் என்றார். “கண்டிப் பக்கத்து ஆளு யாராச்சும் இருந்தா, எங்க ஊர்ப் பேரச் சொல்லிக் கேக்கோணுங்க” என்றார்.